வாயை மட்டும் எடுத்த படம்

காலையில் எழுந்து தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். தேயிலை, சீனி, ஒரு கோப்பை. பண்டாரவளையில் வாடகைக்கு எடுத்த அறை. தேநீர் ஆறும்வரை துஷாந்தினி நடித்த படத்தின் கடைசிக் காட்சியைக் கைத்தொலைபேசியில் ஓடவிடுகிறேன். சத்தத்தை அணைத்துவிட்டு. பிறகு பஸ்ஸுக்குப் போகிறேன்.

துஷாந்தினி என் மனைவி. நவம்பர் மண்சரிவில் தெமோதரைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயம், அந்த வரிசை வீடுகள், போனது. அவளும் போனாள். அன்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்த நான் பாதை மூடியதால் பண்டாரவளையிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டிய முதல் பெண் அவள். அதுவரை ஆண்கள்தான் சேலை கட்டினார்கள். "பொம்பள வேசத்துக்கு பொம்பளயே வந்தா மீசக்காரன் எங்க போறது?" என்று சிரித்தார்கள். மன்மதனைச் சிவன் எரித்ததும் ரதி அழ வேண்டும். அவள் அழுதபோது யாரும் சிரிக்கவில்லை.

லயத்தில் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. ஒத்திகை பார்த்தால் பக்கத்து அறை லெட்சுமி அக்கா குரல் கொடுப்பார்: "என்னா தங்கச்சி, இன்னிக்கும் புருசன எரிச்சாச்சா?"

அதனால் துஷாந்தினி சத்தமே இல்லாமல் உதட்டால் மட்டும் ஒத்திகை பார்ப்பாள். எதிரே உட்கார்ந்து அவள் உதட்டைப் படித்து நான் வரியைச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் தேத்தண்ணி கிடையாது.

கூத்தைப் பார்த்துத்தான் பதுளை ஸனூஸ் தன் படத்தில் அவளை நடிக்க வைத்தார். குரல் கொடுக்க மட்டும் கொழும்பில் வேறொருத்தியைப் பிடித்தார்.

"ஒங்கட மிஸிஸ்ட நடிப்பு நல்லம் ஸேர். பேச்சுத்தான், தோட்டத்து இழுவ. வெளியில எடுபடாது."

துஷாந்தினி அழவில்லை. "அப்ப எதுக்குங்க என் வாய மட்டும் எடுத்தாரு?" என்றாள்.

அவள் தொலைபேசி மண்ணுக்குள் இருக்கிறது. என்னிடம் அவள் படங்கள் உண்டு, குரல் இல்லை. படப்பிடிப்பில் பதிந்த சத்தத்தையாவது தாருங்கள் என்று ஸனூஸிடம் கேட்டேன்.

"அத அப்பவே அழிச்சிட்டோம் ஸேர். டப்பிங் முடிஞ்சா அது எதுக்கு?"

பெப்ரவரியில் பதுளையில் படத்தைக் காட்டினார்கள். கடைசிக் காட்சியில் கதவருகே நின்று, "கவலைப்படாதீர்கள், நான் இங்கேதான் இருப்பேன்" என்கிறாள். அரங்கம் அழுதது. அவளுடைய கடைசி வார்த்தைகள் என்று முகப்புத்தகத்தில் போட்டார்கள்.

மறுநாள் காலை, அவள் என்னை எழுப்புவதை நினைத்துப் பார்த்தேன். கொழும்புக்காரியின் குரலில் எழுப்பினாள். ரதியின் அழுகையை நினைத்தேன். அதுவும் அந்தக் குரலில்தான் வந்தது. திட்டியது, கொஞ்சியது, சுவருக்கு மேலால் உப்புக் கேட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கொழும்புக்காரி புகுந்திருந்தாள்.

மண்சரிவில் தப்பிய லெட்சுமி அக்காவிடம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தனை வருடம் கேட்டவர். அவரும் படம் பார்த்திருந்தார்.

"கொரல எங்க தம்பி மாத்துனாங்க? அப்புடியே நம்ம துஷா பேசுன மாதிரில்ல இருக்கு!"

அவர் காதிலும் அவள் குரல் போய்விட்டது.

நான் திரும்பும்போது மண் சரிந்த அன்றைய கதையையும் சொன்னார். "மொதல்ல மல மொனங்குச்சு தம்பி. யாரோ மூச்சு விடுற மாதிரி. நான் வெளிய ஓடிட்டேன். அவ போன வச்சிக்கிட்டு வாசல்ல நின்னா."

எனக்குத் தெரியும். அந்த வீடியோ அழைப்பு எனக்குத்தான் வந்தது. படம் வந்தது, சத்தம் வரவில்லை. அவள் உதடு அசைந்தது. படித்துவிட்டேன். தொலைபேசியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இல்லை என்று தலையாட்டினேன். அவள் திரும்பி மலையைப் பார்த்தாள். படம் அப்படியே நின்றது.

அந்த ஒரு வரி எனக்குக் குரலாக வந்ததே இல்லை. அதனால் கொழும்புக்காரியால் அதற்குள் நுழைய முடியவில்லை. தினமும் காலையில் சத்தத்தை அணைத்துவிட்டு அவள் வாயையே பார்க்கிறேன். படத்தின் வசனம் முடிந்ததும் என் உதடு தானாக அசைகிறது.

"சத்தம் கேக்குதாங்க?"