ஒற்றைத் தோடு

மத்தியானம் மூன்று மணிக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சாய்பின் என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு காதிலும் தோடு இருந்தது. நான் கையை நீட்டினேன்.

தாய்லாந்தில், ஹாட்யாய் ஊரில் இருக்கும் எங்கள் மசாஜ் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கைக்காரரோடு வெளியே போகிறவள் ஒரு தோட்டைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுத்து, எந்த விடுதி, எந்த அறை என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். காலையில் அதைக் கேட்டு வராவிட்டால் நாங்கள் தேடிப் போவோம். ஆறு வருஷமாகச் சாய்பினின் தோடு என்னிடம்தான். ஒரே ஒரு தடவை அவள் கேட்டு வரவில்லை. கதவை உடைத்துத்தான் தூக்கிவந்தோம்.

"தோடு எங்கடி?"

"அவரு வாடிக்கை இல்லக்கா. என்னைக் கட்டிக்கப்போறவரு."

"ஓஹோ. காண்டம் வேணாங்கிறாரே, அவருதானே?"

"எனக்குப் புள்ள வேணும்கா. முப்பத்திநாலு வயசாச்சு."

எல்லை தாண்டி, மலேசியாவின் பினாங்கிலிருந்து வரும் வேன்காரர் அவர். பார்த்தால் நல்ல மனுஷன்தான். கெட்டவன் மட்டும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறான்?

போன மாதம் ஒரு தொண்டு நிறுவனத்து அம்மா வந்து, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று எங்களைக் கேட்டார். சாய்பின் சிரித்துவிட்டாள். "எட்டு வருஷம் இறால் உரிச்சேன், நகமெல்லாம் அழுகிப்போச்சு. அப்ப யாரும் வந்து கேக்கலையேம்மா!" அவளாகத் தேடிவந்த வேலை இது. ஆள் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே முடியாது என்பாள். அத்தனை சூதானமானவள் இன்று ஒருவர் வார்த்தையை நம்பிக் கிளம்பி நிற்கிறாள். எனக்குப் பயம். பொறாமையும்தான், மறைப்பானேன்? என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"போகாதேன்னு சொல்லலடி. குடுத்துட்டுப் போ."

"குடுத்தா அவரை நம்பலன்னு ஆயிடும்கா."

வெளியே ஹாரன் கேட்டது. ஓடினாள். வேனில் ஒரு காலை வைத்தவள், என்ன நினைத்தாளோ, இறங்கித் திரும்பி வந்தாள். இடது தோட்டைக் கழற்றி என் கையில் வைத்து, விரல்களை அவளே மூடினாள்.

"பினாங்குக்கு எதிர்க்கரை, பட்டர்வொர்த். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி, பச்சை கேட்டு வீடு. நான் கேட்டு வரலைன்னா..."

ஹாரன் மறுபடி கேட்க, ஓடிப்போய் வேனில் ஏறிவிட்டாள். எத்தனை நாள் பார்த்துவிட்டுத் தேடிப் போவது? நன்றாக வாழ்ந்தாலும் அவள் வரமாட்டாள்.

வேன் திருப்பத்தில் மறைந்தது. பச்சை கேட்டு, பச்சை கேட்டு என்று வாய் முணுமுணுத்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் இதைக் கேட்டு வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உள்ளங்கையில் தோடு இன்னும் அவள் காதின் சூட்டோடு இருந்தது.