ஹோம்கமிங்குக்குப் படுக்க ஒரு வீடு

எல்லாம் வின்சன்டின் தொப்பியில் தொடங்கியது. மொன்றியலில் எங்கள் கோயிலுக்கு வரும் லொங்குய்ய் வின்சன்டின் மகன் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கிறான். போன வருடம் அங்கே ஹோம்கமிங் என்று ஒரு கொண்டாட்டம் நடந்ததாம். பழைய மாணவர்கள் எல்லாம் திரும்பி வந்து, ஊர்வலம் போய், ஃபுட்போல் பார்த்து, ஒரே கூத்தாம். வின்சன்டும் போய், பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட தொப்பி ஒன்றை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அன்றையிலிருந்து அந்த மனிதர் ஞாயிறு பூசைக்கும் அதோடுதான் வருகிறார். கோயில் வாசலில் கழற்றுவார். பூசை முடிந்து காரடிக்கு வந்ததும் மறுபடி போடுவார்.

என் மனுசன் எமிலியானுசுக்கு அது பொறுக்கவில்லை.

"மண் கிண்டப் படிக்கிறவன்ர தேப்பனுக்கே இவ்வளவு எடுப்பெண்டால், பல் டொக்டருக்குப் படிக்கிறவளின்ர தேப்பன் நான் என்ன செய்யோணும்?"

எங்கள் ஒரே மகள் ஜெயனி ஒன்ராறியோவில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழக ஊரில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். பல் டொக்டருக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கிறது, முதலில் பயோலொஜியை முடிக்க வேண்டும். அதை நான் சொன்னால் இவர் கேட்டால்தானே! கோயிலில் பாதிப் பேர் இவரிடம் இப்போதே பல்லைக் காட்டி விசாரிக்கிறார்கள்.

அந்த ஊரிலும் ஒக்டோபரில் ஹோம்கமிங் என்று கேள்விப்பட்டதும் மனுசன் நிலத்தில் நிற்கவில்லை. வான் ஒன்று வாடகைக்குப் பேசினார். வேலையில் லீவு சொன்னார். என் வேலையிடத்துக்கும் அவரே போன் அடித்து எனக்கு லீவு கேட்டார். "ஊரில பாசையூர் அந்தோனியார் பெருநாளுக்கு எங்கெங்கயோ இருந்தெல்லாம் சனம் வருமே, அப்பிடித்தானப்பா இதுவும்" என்று எனக்கு விளக்கம் வேறு. பிள்ளை படிக்கிற லாப்பைப் பார்க்க வேண்டுமாம். அதன் வாசலில் வெள்ளைக் கோட்டோடு அவளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். வின்சன்டையும் வீடியோக் கமராவோடு வரச் சொல்லிவிட்டார். வீடியோ எடுக்கத்தான் என்று சொன்னாலும், தொப்பிக்காரன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் உள்விசயம்.

"அப்பா, அந்த வீக் வேண்டாம். சரியான கிறவுட்" என்றாள் ஜெயனி.

"கிறவுட்டைப் பாக்கத்தான் பிள்ளை வாறம்" என்றார் இவர்.

இனிப் படுக்க இடம் வேண்டும். நான் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள். எங்கள் ரிசெப்ஷன் பெட்டையைக் கொண்டு அந்த ஊர் ஹோட்டல்களுக்கு அடிப்பித்துப் பார்த்தேன். ஓர் அறை இல்லை. போன வருடமே பிடித்து வைத்துவிடுவார்களாம். நான் வந்து சொல்ல, இவர் சிரித்தார்.

"ஹோட்டலோ? எங்கட சனம் ஒண்டும் இல்லாத ஊரோ அது?"

எங்கள் ஆட்களின் பழக்கம் இது. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் காசு கொடுத்துப் படுக்க மனம் வராது. ஓர் ஊரவன், ஊரவனின் மச்சான், மச்சானோடு படித்தவன் என்று தேடிப் பிடித்து, முன்பின் தெரியாத வீட்டில் கட்டில் வாங்கி, காலையில் அவர்களுடைய புட்டையும் தின்றுவிட்டுத்தான் வருவோம். அவர்கள் மொன்றியலுக்கு வந்தால் நாங்கள் செய்வோம். அதனால் இதில் ஒருவருக்கும் வெட்கம் கிடையாது.

இவர் ஸ்காபறோவில் இருக்கும் பேரின்பநாதனுக்கு அடித்தார். பேரின்பநாதனின் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை தாட்சாயினி அதே ஊரில்தான் இருக்கிறாளாம். புருசன் யோகேந்திரன் அங்கே காஸ் ஸ்டேசன் வைத்திருக்கிறாராம். "பாத்தீரே!" என்று தொடையில் தட்டிவிட்டு மனுசன் வேலைக்குப் போனார். போய்க் கொஞ்ச நேரத்தில் தாட்சாயினியே எனக்கு எடுத்தாள்.

"அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பேஸ்மென்ட் முழுக்க வெறுமையாத்தான் கிடக்கு. மோள் இஞ்ச படிக்கிறாவோ? என்ன பேர்?"

"ஜெயனி. ஜெயனி எமிலியானுஸ்."

"ஐயோ, எங்கட ஜெயனியோ! நீங்கள் ஜெயனியின்ர அம்மாவோ?" என்று அவள் சந்தோசத்தில் கத்தினாள். "எங்கட கடையில கவுண்டரில நிக்கிற பிள்ளையெல்லோ! படிப்பை விட்ட நாளையிலயிருந்து எங்களோடதானே. தங்கமான பிள்ளை அக்கா."



"படிப்பை விட்ட நாளோ?" என்றேன்.

அவள் மெல்லச் சொன்னாள். "போன வருசம் அக்கா. வீட்டுக்குத் தெரியும் எண்டுதான் அவள் சொன்னவள். கடவுளே, நான் என்ன வேலை செய்துபோட்டன்."

அவளைக் குறை சொல்லி என்ன? நான் பெற்ற பிள்ளை பகல் முழுக்க எங்கே நிற்கிறாள் என்று முகம் தெரியாத ஒருத்திக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உடனே ஜெயனிக்கு அடித்தேன். திட்டித் தீர்ப்பதற்குத்தான் அடித்தேன். "அம்மா" என்று அவள் சொன்ன மாதிரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. தாட்சாயினி எனக்கு முந்தியே அவளுக்கு அடித்துச் சொல்லிவிட்டாள்.

கெமிஸ்ட்ரி இரண்டு தரம் பெயிலாம். மற்றவையும் சரியில்லையாம். ஒரு வருடம் நின்றுவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்களாம்.

"ஏனடி எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஒவ்வொரு கோலும் சொல்லத்தான் எடுப்பன். அப்பா உடன கோயில்ல ஆருக்கோ பல்லுக்கொதி எண்டு தொடங்குவார். பேந்து எப்பிடிச் சொல்றது? ஜனவரியில திருப்பிச் சேருவன். பிராமிஸ். அப்பாட்டச் சொல்லாதேங்கோ அம்மா."

"எடுப்பாங்களோ?"

"தெரியாது" என்றாள்.

அன்றைக்குத் தொடங்கியது என் பாடு. பயணத்தை நிற்பாட்ட வேண்டும், அல்லது இவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் துணிவில்லை. முழங்கால் நோகிறது என்றேன். வானில் பின்சீற்றை நீட்டிவிடலாம் என்றார். சூப்பர்வைசர் லீவு தர மாட்டாராம் என்றேன். "அந்த மனுசனோட நான் கதைச்சிட்டன், பிள்ளைக்கு வாழ்த்தும் சொன்னவர்" என்றார். சொல்லிவிடுவோம் என்று ஒருநாள் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் இருந்தேன். மனுசன் புது ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, லாப் வாசலில் எந்தப் பக்கம் நின்றால் படம் நல்லாயிருக்கும் என்று என்னிடம் கேட்டார். வலப்பக்கம் என்றேன். நான் வேறென்ன சொல்ல?

கடைசியில் வெட்கத்தை விட்டு தாட்சாயினிக்கு அடித்தேன்.

"தங்கச்சி, எங்களை வரவேண்டாம் எண்டு சொல்லும்."

"வீட்டுக்கு வாற ஆக்களை அப்பிடி எப்பிடி அக்கா சொல்லுறது?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "மகனுக்கு அம்மாள் எண்டு சொல்லட்டோ? அப்பிடியெண்டால் ஒருத்தரும் வரமாட்டினம்."

அம்மாள், அதுதான் கொப்புளிப்பான் அம்மை, வந்த வீட்டுக்கு எங்கள் சனம் போகாது. சைவ வீடென்றால் வாசலில் வேப்பிலை கட்டி, கறி மீன் நிறுத்தி, விருந்தாளியை வாசலோடு திருப்பிவிடுவார்கள். எங்களைப் போன்ற வேதக்காரரும் அதை மதிப்பார்கள். இதைவிடத் தோதான பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட இருந்தபோது யோகேந்திரனே எடுத்து இவரிடம் சொன்னார். இவர் "ஐயோ பாவம், பிள்ளையைப் பாருங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தார். முகம் வாடிப்போயிற்று. எனக்கு அப்பாடா என்றிருந்தது. கள்ளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், எழுந்து கையைக் கழுவினார்.

"நாங்களும் விசரர்தான் சிசிலி. பெத்த பிள்ளை அங்க ஒரு அறையோட இருக்க, ஊரான் வீட்டில இடம் கேட்டுத் திரியிறம்!"

நான் வேண்டாம் என்று சொல்ல முன்னமே போனை ஸ்பீக்கரில் போட்டு ஜெயனிக்கு அடித்துவிட்டார்.

"பிள்ளை, யோகேந்திரன் வீட்டில அம்மாளாம். நீ யோசியாதை. அம்மாவும் நானும் உன்ர அறையில நிலத்தில படுப்பம். வின்சன்ட் வானுக்கை கிடக்கட்டும்."

ஸ்பீக்கரில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பிள்ளை?"

"அப்பா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்" என்றாள்.

சொல்லித் துலையடி மோளே, இப்பவே சொல்லு என்று எனக்குள் கத்தினேன். அவளுக்குச் சொல் வரவில்லை. அழுகைதான் வந்தது. விக்கி விக்கி அழுதாள்.

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

"பாத்தீரே, அப்பா அம்மா வாறம் எண்ட சந்தோசத்தில பிள்ளைக்குக் கதை வரேல்லை. இந்தாரும், நீர் கதையும். என்னால ஏலாது."

ஸ்பீக்கரை நிற்பாட்டிக் காதில் வைத்தேன்.

"அம்மா, நீங்களே சொல்லிவிடுங்கோ. என்னால ஏலாது. பிளீஸ் அம்மா, இப்பவே."

இவர் எனக்கு முன்னால், சமையலறைத் துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோசமாக நான் இந்த மனுசனைக் கண்டதில்லை.

"என்னவாம்? பிள்ளை என்னவாம்?"

வாயைத் திறந்தேன்.

"கணவாய்க் கறி கொண்டுவரட்டாம்" என்றேன்.

"அதுக்கென்ன! இப்பவே போய்ச் சொல்லிவைக்கிறன். நல்ல கணவாய் பிந்தினால் கிடையாது" என்று காரின் திறப்பை எடுத்துக்கொண்டு மனுசன் படியிறங்கினார். மீன்கடை பூட்டுவதற்கு முன்னம் போக வேண்டும் என்ற அவசரத்தில் கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஜெயனி இன்னும் லைனில்தான் இருந்தாள். அழுகை நின்றுவிட்டது.

"அப்ப வாறியளோ அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "வாறம்."