நான்கு வாளி மக்கு உரம்

"இந்தப் பூ ஏம்மா தலையக் குனிஞ்சே நிக்குது? ஏதாவது தப்புப் பண்ணிடுச்சா?"

வேலியோரம் குந்தி உட்கார்ந்து, ஐந்து வயதில் டாம்சின் கேட்ட கேள்வி அது. மழை விழுந்து மகரந்தம் நனையாமலிருக்கத்தான் குளிர்காலத்தில் பூக்கும் ஹெலெபோர் கவிழ்ந்து நிற்கிறது என்று அம்மா முரியல் பதில் சொன்னாள். டாம்சின் இப்போது பிரிஸ்டலில் ஆசிரியை. கேள்வி மட்டும் டெவனில், அம்மாவின் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

இந்த ஜனவரியில் அது மறுபடி தலைகாட்டியது. பக்கத்து வீட்டு ஹியூபர்ட் யெல்லண்டின் ஹெலெபோர் இலைகளில் கருப்புத் திட்டுகள் விழுந்திருந்தன. மூன்று செடிகள் அடியோடு அழுகிவிட்டன. காரணம் முரியல் ஒருத்திக்குத்தான் தெரியும்.

போன குளிர்காலத்தில் தன் செடிகளின் நோய்ப்பட்ட இலைகளை அவள் சரியாகத்தான் வெட்டினாள். வெட்டியதை எரித்திருக்க வேண்டும். ஆனால் முட்டை ஓட்டைக்கூட வீணாக்காத கை. எல்லாவற்றையும் மக்குக் குழியில் போட்டாள். நோயைக் கொல்லும் அளவுக்கு அந்தக் குழி சூடேறுவதில்லை. இலையுதிர்காலத்தில், முழங்கால் வலியால் குனிய முடியாத ஹியூபர்ட்டுக்காக அதிலிருந்து நான்கு வாளி சுமந்துபோய், அவர் செடிகளைச் சுற்றித் தானே பரப்பினாள். உதவி என்று நினைத்துத்தான் செய்தாள்.

அந்த ஊர்த் தேவாலயத்தில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் பூ வைப்பதில்லை. நடுவில் வரும் அன்னையர் ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. அன்று வாசல் மண்டபத்தில், கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் ஹெலெபோர் பூக்களை முகம் மேலே தெரிய மிதக்கவிடுவது ஹியூபர்ட்டின் மனைவி வின்னி தொடங்கிய வழக்கம். அவள் மறைந்து பதினொரு வருஷமாகியும் அவர் விடவில்லை. இந்த வருஷம் கிண்ணத்தில் வைக்கப் பூ இருக்குமா என்பதே சந்தேகம்.

முரியல் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனாள். அவர் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, செடியை ரொம்ப ஆழமாக நட்டது தன் தப்புதான் என்று நொந்துகொண்டிருந்தார்.

"நான் போட்ட மக்கு உரம் இருக்கே..." என்று ஆரம்பித்தாள்.

"அது மட்டும் இல்லன்னா மிச்சமும் போயிருக்கும் புள்ள. வின்னி இருந்தா உன்னக் கட்டிப்பிடிச்சிருப்பா. என்னப் பிடிச்சித் திட்டியிருப்பா."

தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள். அன்றைய ஜெபத்தில் உண்மையைக் கர்த்தரிடம் சொன்னாள். அவரிடம் சொல்வது எப்போதும் சுலபமாகவே இருந்தது.

பிப்ரவரி முதல் வாரம் ஹியூபர்ட் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போனார். பூனைக்குச் சாப்பாடு வைக்கச் சாவியை முரியலிடம் தந்தார். "அது நன்றி கெட்ட ஜென்மம். உன்னத் திரும்பிக்கூடப் பாக்காது, மனசுல வச்சிக்காத" என்று எச்சரித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

மறுநாள் காலை பூனைக்கு வைத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் மண்டியிட்டாள். பழைய இலைகளை அடியோடு வெட்டினாள். ஒவ்வொரு செடிக்குப் பின்னும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தாள். உதிர்ந்த துணுக்குகளை விரலால் பொறுக்கினாள். தான் பரப்பிய உரத்தை மண் தெரியுமட்டும் சுரண்டி வாளியில் வாரினாள். பனி பட்டால் மொட்டு கருகிவிடும் என்று ஹியூபர்ட் பழைய இலைகளை வெட்டவே விடமாட்டார். அவற்றை எடுத்ததும் அடியில் வெளிறிய மொட்டுகள், நோயில்லாமல், கூட்டமாக நின்றன. கிண்ணத்துக்குப் போதும்.

செத்த மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. அங்கிருந்த மண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வாங்கி வந்த புது மண்ணை நிரப்பினாள். பிறகு வீட்டுக்குப் போய், சுவரோரம் தனியாகத் தொட்டியில் வளர்த்த மூன்று கன்றுகளைக் கொண்டுவந்தாள். விதை போட்டு மூன்று வருஷம். இதுதான் முதல் மொட்டு. விதையில் வரும் ஹெலெபோர் தாயைப் போலவே பூப்பதில்லை; என்ன நிறம் வருமோ என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். இலைகளை வெட்டியதற்கு ஹியூபர்ட் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்; கன்றுகளோ, விதை உதிர்ந்து அந்த இலைகளுக்கடியில் கண்ணில் படாமல் தானே முளைத்தவை என்று நினைத்துக்கொள்வார்.

செடியின் கழுத்து மண்மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். முழங்கால் பதிந்த தடங்களைக் கையால் தடவி அழித்தாள். வாரிய உரத்தையும் இலைகளையும் எரிக்க எடுத்துவைத்தாள்.

புதுக் கன்றின் மொட்டு ஒன்று குனிந்தபடி லேசாகப் பிளந்திருந்தது. நிமிர்த்தி நிறத்தைப் பார்க்க விரல் போனது. பார்க்காமலே கையை எடுத்துக்கொண்டு, வாளியைத் தூக்கியபடி வேலிச் சந்து வழியாக வீட்டுக்குப் போனாள்.