வாயாடி பேசாத வகுப்பு

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரில் அவள் சலவைக்கடையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பற்றிப் பேச வேண்டும், உடனே வர முடியுமா என்று ஆசிரியை கேட்டார். முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஏப்ரனைக் கழற்றக்கூட மறந்து ஓடினாள்.

வகுப்பில் பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். மகள் ஜன்னலோரம் தலை நிமிராமல் இருந்தாள். மூலையில் கிடந்த குட்டி நாற்காலியைக் காட்டி ஆசிரியை உட்காரச் சொன்னார். முழங்கால் முகவாயை இடித்தது. இந்த லட்சணத்தில் கெட்ட செய்தி வேறு கேட்க வேண்டும்.

பள்ளி திறந்ததிலிருந்து மகள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பேச்சே வராதோ என்று சந்தேகமாம். அடுத்த வாரம் மருத்துவர் வந்து பார்ப்பாராம். அவர் சொன்னால், பேச்சு வராத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மாற்றிவிடுவார்களாம்.

வீட்டில் மகளுக்குப் பெயரே வாயாடி. தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். அப்பாக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறைதான். அப்படிப்பட்டவளுக்கு இங்கே என்ன ஆயிற்று? யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா?

"நீங்க அவகிட்ட பேசிப் பாத்தீங்களா?"

ஆசிரியை கொஞ்சம் பெருமையோடுதான் பதில் சொன்னார். "உங்க நாட்டுப் பிள்ளைங்க கேள்வி கேட்டா ரொம்பக் கூச்சப்படுவாங்கன்னு பயிற்சியில சொன்னாங்க. அதனால நான் எதுவும் கேக்கறதே இல்ல. மத்த பிள்ளைங்ககிட்டயும் அவளைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கூச்சமா, எங்கள் ஆட்களுக்கா? எங்கள் தெருவில் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும். யாரோ நாலு பேரைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டையே அளந்துவிட்டார்களாக்கும்.

"இப்ப கேளுங்க. என் முன்னாடியே கேளுங்க."

ஆசிரியை தயங்கியபடி போய் மகளருகே குனிந்து, என்ன வரைகிறாய் என்று கேட்டார். மகள் எழுந்து அம்மாவிடம் வந்து, காதோடு காதாக வீட்டு மொழியில் கேட்டாள்.

"அம்மா, அவங்களே கேட்டுட்டாங்க. இப்ப பேசலாமா?"

அவளுக்குச் சப்த நாடியும் ஒடுங்கியது. பள்ளிக்கு முதல் நாள் அனுப்பும்போது அவள்தான் சொல்லிவிட்டிருந்தாள்: இந்த ஊர்க்காரர்களுக்கு நாமாகப் போய்ப் பேசினால் பிடிக்காது, அவர்களாகக் கேட்டால் மட்டும் வாயைத் திற. சலவைக்கடையில் முகம் சுளித்த ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்து அவள் கண்டுபிடித்த உண்மை அது.

மகள் என்ன சொல்கிறாள் என்று ஆசிரியை விசாரித்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆசிரியையின் முகமும் வெளுத்துப்போயிற்று.

அவள் மகளிடம் சொன்னாள்: "பேசுடா கண்ணு. யாரும் கேக்காட்டியும் பேசு."

மகள் ஆசிரியை பக்கம் திரும்பினாள். படத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை மாதமாகத் தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சிறுமியைக் காட்டி, அந்த ஊர் மொழியில் தடுமாறாமல் கேட்டாள்.

"டீச்சர், நான் இவகூட விளையாடலாமா?"