டயர்க்காரர் சொன்ன சத்தம்

கார் விற்கிறவன் எவனும் உண்மை பேச மாட்டான் என்பது லாரிக்காரரின் தீர்மானம். அதனால்தான் டயர்க்காரர் உண்மையைச் சொன்னபோது அவர் ஏமாந்து போனார்.

லாரிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். லாரியை விட்டு வெகுகாலம் ஆகிறது, பெயர் மட்டும் இறங்க மறுத்துவிட்டது. இன்ஜின் சமாச்சாரத்தில் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. காலை ஷிப்டுக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. பழைய கார் ஒன்று பார்க்க வேண்டியதாயிற்று. "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி. "அவனும் இவனும் கண்ணைக் காட்டிக்குவானுங்க, நடுவுல நான் கேனையனா நிக்கணுமா?" என்று தனியாகவே போனார்.

விற்றவர் மலையடிவாரத்தில் டயர் கடை வைத்திருந்த ஆள். காரை ஸ்டார்ட் பண்ணி பானெட்டைத் தூக்கி, "அண்ணே, மறைக்கக் கூடாது பாருங்க. பெல்ட் பக்கம் கீச்சுனு ஒரு சத்தம் வருது. என்னன்னு பாத்து மாத்திட்டு ஓட்டுங்க" என்றார்.

லாரிக்காரர் குனிந்து கேட்டார். இன்ஜின் கடகடவென்று ஒழுங்காக ஓடியது. கீச்சும் இல்லை, மூச்சும் இல்லை. நிமிர்ந்து டயர்க்காரர் முகத்தைப் பார்த்தார். அப்பாவி முகம். அப்பாவி முகத்தைக் கண்டாலே அவருக்குச் சந்தேகம்தான். ஓகோ, வேறு எவனோ கூடுதலாகக் கேட்டிருக்கிறான், இல்லாத சத்தத்தைச் சொல்லி என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறான் திருடன் என்று முடிவு கட்டினார். நின்ற இடத்திலேயே பேசி முடித்து, சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வழி முழுக்கத் தனக்குத் தானே சிரிப்பு.

மகள் வேலைக்குச் சேருகிற நாள் வந்தது. விடிந்தும் விடியாமலும் யூனிபார்மை உடுத்திக்கொண்டு வந்து காரை ஸ்டார்ட் செய்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கொடியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, என்ன இந்தக் கத்து கத்துது?"

"எது?"

"கார்தான்!"

"இன்ஜின்னா சத்தம் போடத்தான் செய்யும். பின்னே தாலாட்டா பாடும்?"

"இது இன்ஜின் சத்தம் இல்லப்பா. கீச்சு கீச்சுனு... பல்லு கூசுது."

கீச்சு. அதே வார்த்தை. லாரிக்காரருக்குச் சுருக்கென்றது. டயர்க்காரன் சொன்னதை அவர் வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. இவள் வாயில் எப்படி வந்தது? வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே புரிந்திருக்கும். அவருக்கு வேறு விதமாகப் புரிந்தது. விற்றதை நினைத்து வயிறெரிந்து வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறான், இவர்களும் நம்பிவிட்டார்கள்.

"சரி, ஆப் பண்ணாதே. இருக்கா இல்லையான்னு இப்பத் தெரிஞ்சுபோகும்" என்று ஒரு குவளையில் தண்ணீர் கொண்டு வந்தார்.

அது பழைய வித்தை. ஓடுகிற பெல்ட்டில் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சத்தம் அடங்கினால் பெல்ட் தேய்ந்திருக்கிறது. கூடினால் தொய்ந்திருக்கிறது. தண்ணீரைச் சட்டை பண்ணாமல் அது பாட்டுக்குக் கத்தினால் கோளாறு பெல்ட்டில் இல்லை. பெல்ட் சுற்றி ஓடுகிற புல்லி ஏதோ ஒன்றில் பேரிங் சாகக் கிடக்கிறது. எத்தனையோ லாரிகளில் இதைச் செய்து, எத்தனையோ பேருக்குச் சரியாகச் சொன்ன மனிதர் அவர்.

தெளித்தார். காதைக் கொடுத்தார். மறுபடியும் தெளித்தார்.

"என்ன?" என்றார்.

"அப்படியேதாம்ப்பா இருக்கு. கொஞ்சம்கூட மாறல."

அவருக்கும் மாறவில்லை. முன்னாலும் ஒன்றுமில்லை, இப்போதும் ஒன்றுமில்லை. 'மாறலைன்னா பேரிங்' என்று நாக்கு நுனி வரை வந்தது. இல்லாத சத்தத்துக்கு எங்கிருந்து பேரிங்? நாக்கை மடக்கிக்கொண்டார்.

வாசற்படியில் நின்ற மனைவி, "எனக்கும் கேக்குதுங்க" என்றாள்.

"உனக்கு எதிர்வீட்டுக்காரி முணுமுணுக்கிறதுகூடக் கேக்கும்."

இருந்தாலும் அப்பன் ஒன்றும் பண்ணவில்லை என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ஸ்பானரைப் போட்டு, இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பி, பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இறுக்கினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"இப்ப?"

மகள் தலையைச் சாய்த்தாள். "கீச்சு கொறைஞ்சிருக்கு. ஆனா உள்ள வேற என்னமோ உறுமுதுப்பா."

"ஓட ஓடப் பழகிடும். கிளம்பு. முதல் நாளே லேட்டாப் போய் நின்னா நல்லாயிருக்காது." ஜன்னலில் கை வைத்து வழக்கமான பாடத்தையும் சொன்னார். "மலையில எவன் கை காட்டினாலும் நிறுத்தாதே. பஞ்சர்ம்பான், பொண்டாட்டிக்கு முடியலைம்பான். மிதிச்சுக்கிட்டுப் போயிடு. போனைக் கையில தொடாதே."

"சரிப்பா, சரிப்பா" என்று அவள் போய்விட்டாள்.

உள்ளே வந்து அடுப்படி மேஜையில் பேப்பரை விரித்தார். மனைவி கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குறுகின மூக்கில் விசில் வைத்த கெட்டில் அது. வெகுநேரம் கழித்துக் குளியலறையிலிருந்து அவள் கத்தியது கேட்டது.

"என்னங்க! அங்கதானே உக்காந்திருக்கீங்க? கெட்டில் தொண்டை கிழியக் கத்துது, அணைக்கக் கூடாதா?"

லாரிக்காரர் தலையைத் தூக்கினார். கைக்கெட்டும் தூரத்தில் கெட்டில். மூக்கிலிருந்து ஆவி ஈட்டி மாதிரி சீறிக்கொண்டு போகிறது. தண்ணீர் கொதிக்கிற தளதளப்பு கேட்டது. மூடி தடதடப்பது கேட்டது. விசில் கேட்கவில்லை.

எழுந்து போய்க் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். ஆவி கன்னத்தைச் சுட்டது. அப்போதும் இல்லை.

அடுப்பை அணைத்தார். தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது, கீச்சென்ற சத்தம் மட்டும்தான் அவர் காதில் விழவில்லை. தண்ணீர் தெளித்தும் மாறவில்லை என்றாள். மாறவில்லை என்றால் பேரிங். சாகிற பேரிங் மேல் பெல்ட்டை இறுக்குவது, சாகிறவன் நெஞ்சில் ஏறி உட்காருவது. ஏறி உட்கார்ந்தது அவர்தான். பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து போகும். ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்பு ஓடுவதும் அதே பெல்ட்டில்தான். அறுந்த நொடியில் ஸ்டியரிங் கல்லாகிவிடும். சமதரை என்றால் சமாளிக்கலாம். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குகிற ரோடு அப்படியில்லை. ஒரு வளைவு முடியும் முன்னே அடுத்த வளைவு, ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது.

மகளுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. தொடாதே என்று சொன்னவர் அவரேதான்.

மனைவி ஈரத்தலையோடு வந்தாள். அவர் போனை அவளிடம் நீட்டினார்.

"அடிவாரத்துல டயர் கடைக்காரன் இருக்கான். அவன் நம்பரைப் போடு. எனக்கு விரல் நிக்கல."

அவள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "டயர் திருடன்னு ஒண்ணு இருக்கு. அதுவா?"

"அதான். போடு. ஸ்பீக்கர்ல போடு."

"சொல்லுங்கண்ணே" என்றது அந்தப் பக்கம். "கார் எப்படி ஓடுது? அந்தச் சத்தம் என்னன்னு பாத்தீங்களா?"

லாரிக்காரர் போன் மேல் குனிந்தார். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கல தம்பி. எனக்குக் கேக்கல. பேரிங்தான் போயிருக்கு. நான் பெல்ட்டை வேற இறுக்கிட்டேன். என் பொண்ணு அதுல மலைக்குப் போறா."



"சாம்பல் கலர்தானே... இப்பத்தான் கடையைத் தாண்டிப் போச்சு. சத்தத்தை வச்சே நம்ம வண்டின்னு நெனச்சேன். அண்ணே, அது கீச்சு இல்ல, அரைக்குது."

"உச்சிக்கு முன்னாடி நிறுத்தணும் தம்பி. இறங்க விட்டுடாதே."

"பைக்கை எடுக்கிறேன். கட் பண்ணாதீங்க, ஹெல்மெட்டுக்குள்ள சொருகிக்கிறேன்."

பிறகு போனில் காற்று. கொட்டகைத் தகரத்தைப் புயல் புரட்டுகிற மாதிரி காற்று. அதன் நடுவே டயர்க்காரர் அவ்வப்போது ஏதோ கத்தினார். லாரிக்காரருக்குப் பாதி வார்த்தை காற்றோடு போயிற்று. மனைவி போனுக்குப் பக்கத்தில் குனிந்து, வந்ததை வந்தபடி எடுத்துச் சொன்னாள்.

"மூணாவது வளைவாம்... வண்டி கண்ணுல படுதாம்... நடுவுல ஒரு லாரி போகுதாம்."

"ஹார்ன் அடிச்சு ஏறச் சொல்லு! லாரிக்காரன் வழி விடுவான்!"

"ஏறிட்டாராம். பக்கத்துல போயிட்டாராம். கை காட்டுறாராம்." அவள் நிறுத்தினாள்.

"என்ன? என்னடீ?"

"நிறுத்தலையாம். கண்ணாடியை ஏத்திக்கிட்டாளாம். இன்னும் வேகமாப் போறாளாம்."

லாரிக்காரர் நெற்றியில் அறைந்துகொண்டார். மிதிச்சுக்கிட்டுப் போயிடு. சொன்னதைக் கேட்கிற பிள்ளை. ஒரு நாளாவது அப்பன் பேச்சைத் தட்டக் கூடாதா?

"நான் வேகம் காட்டினா அவங்களும் மிதிக்கிறாங்கண்ணே!" இது அவருக்கே கேட்டது. "உச்சி தெரியுது! வேற ஏதாச்சும் சொல்லுங்க, நம்புற மாதிரி!"

எதைச் சொல்வது? அப்பா அனுப்பினார் என்று யாரும் சொல்லலாம். அப்பா பெயரைச் சொல்லலாம், வீட்டு விலாசத்தைச் சொல்லலாம். திருட்டுப் பயல்கள் விசாரித்து வைத்துக்கொண்டுதான் வருவார்கள் என்று அதற்கும் அவரே பாடம் நடத்தியிருக்கிறார். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாதது ஒன்றுதான் இருந்தது. சின்ன வயதில் நடக்கவே மாட்டாள், எங்கே போனாலும் அவர் முதுகில்தான், அதை வைத்தே ஒரு செல்லப் பெயர். அந்தப் பெயரை இப்போது வெளியே யாராவது சொன்னால் கடித்துக் குதறிவிடுவாள். அதை ஓர் அந்நியனிடம், அதுவும் திருடன் என்று எழுதி வைத்திருக்கிறவனிடம்...

"உப்புமூட்டைனு கூப்பிடு!" என்று கத்தினார். "உப்புமூட்டைனு கத்து தம்பி! விடாம கத்து!"

"உப்பு...?"

"மூட்டை! உப்புமூட்டை!"

காற்று இரைந்தது. அதற்குள்ளே ஓர் ஆண் குரல் மலையே கேட்க, "உப்புமூட்டே! ஏ உப்புமூட்டே! அப்பா நிறுத்தச் சொன்னாரு!" என்று அலறியது. மனைவி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

காற்று மெதுவாயிற்று. பிறகு நின்றது.

"என்னாச்சு? ஏய், என்னாச்சுன்னு சொல்லு!"

"ஷ்ஷ்... கதவு சத்தம். இறங்கிட்டா. திட்டுறா."

"திட்டட்டும்" என்றார் லாரிக்காரர். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நல்லாத் திட்டட்டும்."

கொஞ்ச நேரத்தில் டயர்க்காரர் போனுக்கு வந்தார். "அண்ணே, இன்ஜினை ஆப் பண்ணிட்டுப் பாத்தேன். நடுவுல இருக்கிற சின்ன புல்லிதான். துணியைச் சுத்திப் புடிச்சாக்கூடக் கை வைக்க முடியல, அப்படிக் கொதிக்குது. ஆட்டினா பல்லு மாதிரி ஆடுது. பெல்ட் ஓரம் நார் நாராக் கிளம்பியிருக்கு."

"எவ்வளவு தாங்கியிருக்கும்?"

"உச்சி வரைக்கும் போயிருக்கும்" என்றார் டயர்க்காரர்.  

அடுத்து மகள் குரல். மெல்லிசாக வந்தது. மனைவி எடுத்துச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்திவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு."

"எத்தனை நாளாப்பா உங்களுக்குக் காது கேக்கல?"

"காதுல விழாதது விழலைன்னு எப்படிம்மா தெரியும்? எல்லாரும் பொய் சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பின்னால் ஏதோ பேச்சு நடந்தது. பிறகு, "அப்பா, வண்டியை ஓரமா விட்டுட்டோம். இவர் என்னை ஆஸ்பத்திரில கொண்டு விடுறேங்கிறார். இப்பக் கிளம்பினா ஷிப்டுக்குப் போயிடலாம். போகவா?"

முன்பின் தெரியாதவன். மலை ரோடு. பைக். லாரிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் அவள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

"அவர்கிட்ட குடும்மா போனை." தொண்டையைச் செருமினார். "தம்பி, ஹெல்மெட் எத்தனை வச்சிருக்கே?"

"ஒண்ணுதாண்ணே."

"அதை அவளுக்கு மாட்டு."

போன் கைமாறியது, எதிலோ உரசியது, இருட்டுக்குள் போன மாதிரி சத்தம் மாறியது. பைக் உறுமியது. அந்த உறுமல் அவருக்கு நன்றாகக் கேட்டது, அதில் கோளாறு எதுவும் இல்லை.

"அப்பா, கேக்குதா?"

"காத்துதான் கேக்குது" என்றார். "பேசாம கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உக்காரு."