பாசிப்பச்சை நூல்

"வலை! வலையை நீட்டுடா தையலு!"

மெக்கானிக் கத்தினான். அவன் தூண்டில் வில்லாக வளைந்து நின்றது. காலையிலிருந்து ட்ரவுட் மீனாக இழுத்துத் தள்ளுகிறான். சின்னதையெல்லாம் கையாலேயே எடுத்துவிட்டான், இது பெரிசு. முழங்கால் தண்ணீரில் விறைத்துக் கிடந்த தையல்காரனுக்கோ ஒரு கடிகூட இல்லை. வயிறு எரிய, வலையோடு போனான்.

மீன் அருகில் வந்தது. அதன் உதட்டில் குத்தியிருந்த போலிப் பூச்சியைப் பார்த்தான். ஆற்றடியில் கல்லைப் பிடித்துக்கொண்டு வாழும் மேஃப்ளைப் பூச்சியின் குஞ்சைப் போலத் தூண்டில் முள்ளின்மேல் கட்டுவது, நிம்ஃப் என்பார்கள். அரிசியளவு உடம்பு. அதைச் சுற்றிப் பாசிப்பச்சைக் கம்பளி நூல்.

நூல் விஷயத்தில் அவன் கண் ஏமாறாது. அது அவன் மனைவியின் சால்வை நூல்! அதன்மேல் இறுக்கிச் சுற்றியிருந்தது செம்புக் கம்பி. மெக்கானிக் பழைய மோட்டாரிலிருந்து உருவுகிறானே, அதே கம்பி. ஒரே முள்ளில் இரண்டும் பின்னிக் கிடந்தன.

போன மாதம்வரை மெக்கானிக்கை அவள் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். "அண்ணேன்னு சொல்லிக் கிழவனாக்காதம்மா" என்று அவன் சிரித்ததிலிருந்து வெறும் 'வாங்க, போங்க'.

கை தானாகத் திரும்பியது. வலையின் விளிம்பு தூண்டில் நரம்பில் இடித்தது. டப்! மீனும் போச்சு, பூச்சியும் போச்சு.

"அடப்பாவி!"

தையல்காரன் காதிலேயே வாங்காமல் கரையேறினான். அங்கே உட்கார்ந்திருந்த மனைவி டீ பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

"உன் சால்வை நூல் அவன் முள்ளுல எப்படிடீ வந்துச்சு?"

அவள் முகம் வெளுக்கவில்லை. அதுவே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான்தான் கட்டினேன். கம்பி அவர் குடுத்தார். உங்களுக்காகத்தான் கத்துக்கிட்டேன்."

"எனக்கா? அப்புறம் ஏன் அவன் கையில?"

"மீன் கடிக்குதான்னு பார்க்கச் சொன்னேன்."

"ஏன், என்கிட்ட குடுத்துப் பார்க்கறதுக்கு என்ன?"

அவள் டீயை ஊற்றி முடித்தாள். "கடிக்கலேன்னா நாள் பூரா யார் திட்டு வாங்கறது? அவர்னா சிரிச்சுட்டுப் போயிடுவார்."

சந்தேகம் கழன்று ஒரு நொடி நெஞ்சு லேசானது. மறு நொடி அந்தக் கடைசிப் பேச்சு உள்ளே போய்த் தைத்தது. திரும்பிப் பார்த்தான். அறுந்த நரம்பைத் தூக்கிப் பிடித்தபடி மெக்கானிக் வந்துகொண்டிருந்தான். அந்த முகத்தில் துளி கோபமாவது இருக்காதா என்று தேடினான்.

"எவ்வளவு பெரிசுடா மச்சான்! டாட்டா காட்டிட்டுப் போயிட்டானே!"

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தையல்காரன் டீயை வாங்கவில்லை.