சாட்சியில் விட்டுப்போன ஊசி

"டாக்டரு கேட்டாரும்மா, நார்மலா உண்டானியா, ட்ரீட்மெண்ட்லயான்னு. நீ இன்னாடான்னா அங்க வாயத் தொறக்காம குந்திகினு இருந்த."

பக்கத்து வீட்டு ஷாரோனின் குரல் எங்கள் சமையலறை வரை வந்தது. அதற்கு மேலே அவள் அம்மா செல்லம்மாவின் குரல். நெம்மேலியில் சுவர்கள் மெலிசு. நான் வேண்டுமென்று கேட்கவில்லை, அடுப்பை மட்டும் அணைத்தேன்.

இருபத்து நாலு வயதில் ஷாரோனுக்கு ரத்தக்கொதிப்பு, நூற்றைம்பதுக்கு நூறு. செங்கல்பட்டு டாக்டர் காரணம் தேடி, பிறப்பிலிருந்து விசாரித்திருக்கிறார். செல்லம்மா எப்படிச் சொல்வாள்? வருஷந்தோறும் மகள் பிறந்தநாளை அடுத்த ஞாயிறு சர்ச்சில் மைக்கைப் பிடித்து, பதினொரு வருஷம் பூட்டிக் கிடந்த தன் வயிற்றை எந்த மருத்துவரும் தொடாமல் கர்த்தரே திறந்தார் என்று சாட்சி சொல்கிறவள். அதைக் கேட்டு அழுதுதான் ஜெபக்குமாரின் அம்மா ஷாரோனைத் தன் மகனுக்குக் கேட்டாள். வரும் ஜனவரியில் நிச்சயதார்த்தம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

கர்த்தர் திறந்திருக்கலாம். ஆனால் கருத்தரிப்பு சிகிச்சைக்கு அவள் போட்டுக்கொண்ட ஊசிகள் இருந்தது எங்கள் ஃபிரிட்ஜில். அப்போது தெருவுக்கே அது ஒன்றுதான். முட்டைக்குப் பக்கத்தில் மூன்று வாரம் இருந்தன. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, நாலைந்து பேரைத் தவிர. ஆகவே ஊருக்கே தெரியும், ஷாரோனுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும்தான் தெரியாது.

சண்டையைப் பாதியில் விட்டு அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஆன்ட்டி, உனுக்குத் தெரியும். சொல்லு."

அந்த நாலைந்து பேரிடம் சுலபமாகப் புரண்ட நாக்கு இவளிடம் எழவில்லை. கஷ்டப்பட்டுத்தான் சொன்னேன்.

அவள் பின்னால் வந்து நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "டாக்டரையும் சேத்து சொல்லியிருந்தா கர்த்தர் கோச்சிக்கினு இருப்பாராம்மா?"



மறுவாரம் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார்கள். அப்படி உண்டான பிள்ளைகளில் சிலருக்குக் கொதிப்பு கொஞ்சம் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். இவளுக்கு அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். வருஷா வருஷம் இதயத்தைப் பார்க்கணும், நாளைக்குக் கர்ப்பமானால் முதல் நாளே இதைச் சொல்லணும் என்றாராம்.

கர்ப்பம் என்ற பேச்சு வந்ததும், ஷாரோனே போய் ஜெபக்குமார் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஜெபித்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்றார்கள். மே மாதம் அவனுக்கு மறைமலைநகர்ப் பெண்ணோடு கல்யாணம் ஆனது.

செல்லம்மா கூடுவாஞ்சேரிக்குக் குடிபோய்விட்டாள். அங்கே சர்ச்சில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்கிறாளாம். ஷாரோன் படூரில் தன்னோடு வேலை பார்க்கும் ஹேமந்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள், டாக்டர் சீட்டை முதலில் அவனிடம் காட்டிவிட்டுத்தான்.